கார்டு திறக்கவில்லை, நிறம் சரியில்லை, டிஸ்க்கில் சிவப்பு விளக்கு: டிஐடி மேசையில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

படச்சுருள் காலத்தில் 1000 அடி ரோல் ஒன்று 24 ஃபிரேம் வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். ஓடி முடிந்ததும் அதை இருட்டுப் பைக்குள் வைத்துக் கழற்றி, டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நெகட்டிவ் மறுபடி கேமராவுக்குள் வரவே வராது. இன்றைய டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டு அப்படியில்லை. காலை 9 மணிக்கு எடுத்த காட்சி இருக்கும் அதே கார்டு, 11 மணிக்கு அழிக்கப்பட்டு அடுத்த காட்சிக்காகக் கேமராவுக்குள் போகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் படம் பத்திரமாக வேறு இடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒருவர் பார்த்து, பொறுப்பேற்று, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர்தான் டிஐடி, அதாவது டிஜிட்டல் இமேஜிங் டெக்னீஷியன்.

காப்பி எடுப்பது வேலையில் பாதிதான். கேமரா செட்டிங் சரியா, மானிட்டரில் தெரியும் நிறம் ஒளிப்பதிவாளர் (டிஓபி) நினைத்த நிறமா, படத்தில் புள்ளியோ கோடோ விழுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது மீதிப் பாதி. பெரிய யூனிட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஆள் இருப்பார்கள். நம் ஊர் யூனிட்டுகளில் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டவை. உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எதில் சந்தேகம் வந்தாலும், மூலக் கார்டில் எதையும் எழுதாதீர்கள், அழிக்காதீர்கள், ரிப்பேர் மென்பொருளை ஓட்டாதீர்கள். சிவப்பு டேப் ஒட்டி ஒதுக்கி வையுங்கள். யூனிட்டிடம் வேறு கார்டு கேளுங்கள். கார்டில் படம் இருக்கும்வரை மற்ற எல்லாத் தவறையும் திருத்திக்கொள்ளலாம்.

கார்டை ரீடரில் போட்டேன், கம்ப்யூட்டரில் வரவில்லை

மேக் என்றால் ஒரு சின்னப் பெட்டி வரும். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். விண்டோஸ் என்றால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். எஜெக்ட் கொடுத்து, கார்டை வெளியே எடுங்கள்.

முதலில் கார்டைச் சந்தேகிக்காதீர்கள், வழியைச் சந்தேகியுங்கள். கேபிளை மாற்றுங்கள், போர்ட்டை மாற்றுங்கள், ஹப் நடுவில் இருந்தால் அதைக் கழற்றி நேராகச் செருகுங்கள். படம் இல்லாத வேறு கார்டு ஒன்றை அதே ரீடரில் போட்டுப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு ரீடரில்.

அடுத்தது டிரைவர் மென்பொருள். ஆரி கேமராக்களின் காம்பாக்ட் டிரைவைப் படிக்க மேக்கில் கோடெக்ஸ் டிவைஸ் மேனேஜர் இருக்க வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நேற்று இரவு அப்டேட் செய்திருந்தால், பாதுகாப்பு அமைப்புகளில் அதற்கு மறுபடி அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். ஷெட்யூல் நடக்கும்போது டிஐடி கம்ப்யூட்டரை அப்டேட் செய்யாமல் இருப்பதே நல்லது. படம் முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் கார்டைக் கேமராவில் போட்டு பிளேபேக் பாருங்கள். கேமராவில் ஓடினால் மூச்சு விடலாம், கார்டில் படம் இருக்கிறது, வேறு ரீடர் வரவழைத்தால் போதும். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி கழன்றிருந்தால், கேமரா அந்தக் கடைசி கிளிப்பை மீட்டுத் தரவா என்று கேட்கக்கூடும். பொது விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. அந்தக் கோப்பின் கட்டமைப்பைக் கேமரா அளவுக்கு வேறெந்த மென்பொருளும் அறியாது, அதனால் சரி என்று கொடுக்கலாம். ஆனால் கேட்பது மீட்கவா, அழிக்கவா என்று இரண்டு முறை படித்துவிட்டு விரலை வையுங்கள்.

கேமராவிலும் வரவில்லை என்றால் நேரம் கடத்தாமல் ஒளிப்பதிவாளரிடமும் தயாரிப்பு நிர்வாகியிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் செட் பிரிப்பதற்கு முன் சொன்னால் அந்தக் காட்சியை மறுபடி எடுக்கலாம். நடிகர் ஊருக்குப் போன பிறகு சொன்னால் எடுக்க முடியாது. கார்டு நேராக டேட்டா ரெக்கவரி லேபுக்குப் போக வேண்டும், நடுவில் யாரும் முயற்சி செய்து பார்க்கக் கூடாது.

காப்பி ஊர்ந்து போகிறது

முதலில் கணக்கு போட்டுப் பாருங்கள், பல நேரம் அது கோளாறே இல்லை. அலெக்ஸா மினி எல்எஃப் கேமராவில் ஓப்பன் கேட் ரா, அதாவது சென்சார் முழுவதையும் பயன்படுத்திப் பதப்படுத்தாத தரவாக, எடுத்தால் படம் 4448க்கு 3096 பிக்சல், 12 பிட். ஒரு ஃபிரேம் 20 எம்பிக்குக் கொஞ்சம் மேல். 24 ஃபிரேமுக்கு நொடிக்குச் சுமார் 500 எம்பி. 1 டிபி டிரைவ் அரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். அதை நொடிக்கு 150 எம்பி எழுதும் ஒற்றை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினால் எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு அவ்வளவு நேரம். அரை மணி நேரத்தில் நிறைவதை மூன்றரை மணி நேரத்துக்கு மேல் இறக்கிக்கொண்டிருந்தால், எத்தனை கார்டு வைத்திருந்தாலும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இதை ஷூட்டிங் தொடங்கும் முன் தயாரிப்புத் தரப்பிடம் எழுதிக் காட்டுங்கள். ரெய்டு டிஸ்க், அதாவது பல டிஸ்க்குகள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் பெட்டி, ஏன் வேண்டும் என்று அப்புறம் கேட்க மாட்டார்கள்.

கணக்கை விட மெதுவாகப் போனால்தான் அது கோளாறு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இரவுக் காட்சி. மாலை வரை 12 நிமிடத்தில் இறங்கிய அளவு, திடீரென்று இரண்டு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. டிஸ்க்கை மாற்றினேன், மென்பொருளை மூடித் திறந்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் சிஸ்டம் தகவலைத் திறந்து பார்த்தால் ரீடர் 480 மெகாபிட் வேகத்தில் இணைந்திருந்தது. அது பழைய யுஎஸ்பி 2 வேகம், நொடிக்கு 40 எம்பி வந்தாலே பெரிது. நடந்தது என்னவென்றால், உதவியாளர் தம்பி செல்போனுக்குச் சார்ஜ் போட என் மேசையிலிருந்து ஒரு டைப்-சி கேபிளை எடுத்திருக்கிறான், திரும்ப வைக்கும்போது சார்ஜர் கேபிளை வைத்துவிட்டான். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் ஒரே முனை. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அன்றிலிருந்து என் டேட்டா கேபிள் ஒவ்வொன்றிலும் இரு முனையிலும் மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். மஞ்சள் டேப் கேபிளை யாரும் தொடக்கூடாது என்பது யூனிட்டுக்கே தெரியும்.

கேபிள் சரி, ஆனால் முதல் சில நிமிடம் பறந்துவிட்டு அப்புறம் படுத்துவிடுகிறது என்றால் எஸ்எஸ்டியைப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் வேகமான பகுதி கொஞ்சமே இருக்கும், அது நிரம்பியதும் வேகம் விழும். நல்ல எஸ்எஸ்டியும் கைவைக்க முடியாத அளவு சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெயிலில் இருந்தால் நிழலுக்குக் கொண்டுபோங்கள், ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். டிஸ்க் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தாலும் வேகம் குறையும்.

காப்பி முடிந்தது, ஆனால் செக்சம் பொருந்தவில்லை என்கிறது

செக்சம் என்பது கோப்பின் கைரேகை. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். எம்டி5, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்று முறைகள் உண்டு. இரண்டாவது வேகமானது, அதனால் செட்டில் அதுதான் அதிகம் புழங்குகிறது. சில்வர்ஸ்டாக், ஆஃப்ஷூட், ஷாட்புட் ப்ரோ, யோயோட்டா போன்ற மென்பொருள்கள் காப்பி எடுக்கும்போதே இதைக் கணக்கிட்டு, எம்எச்எல் என்ற பட்டியல் கோப்பாகக் கூடவே எழுதிவைக்கும். கோப்பை மவுஸில் இழுத்துப் போட்டால் இது எதுவும் நடக்காது. அளவு சரியாக இருக்கிறது, திறந்தால் ஓடுகிறது என்பது சரிபார்ப்பு ஆகாது. நடுவில் ஒரு ஃபிரேம் கிழிந்திருந்தால் அதை முதலில் பார்ப்பவர் மாதங்கள் கழித்து டிஐ தியேட்டரில் (படத்துக்கு இறுதி நிறம் கொடுக்கும் இடம்) உட்கார்ந்திருக்கும் கலரிஸ்டாகத்தான் இருப்பார்.

பொருந்தவில்லை என்று வந்தால் பதறாமல் ஒரு சோதனை செய்யுங்கள். கார்டில் இருக்கும் அந்த மூலக் கோப்பின் செக்சத்தை மட்டும் இரண்டு முறை தனியாக எடுங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் கார்டும் ரீடரும் ஒழுங்காக இருக்கின்றன, கோளாறு போய்ச் சேரும் டிஸ்க்கிலோ அதன் கேபிளிலோதான். டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு வேறு டிஸ்க்கில் எடுங்கள். இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தால் படிக்கும் வழியில் கோளாறு. ரீடர், கேபிள், அல்லது கம்ப்யூட்டரின் ரேம். வேறு ரீடர், வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

பிழை வந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி காப்பி எடுத்து, சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு முறை தவறிய டிஸ்க் மறுபடி தவறும். அன்று காலையிலிருந்து அதில் இறக்கிய எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்த பிறகுதான் நான் சாப்பிடப் போவேன்.

கேமரா ரிப்போர்ட்டில் 23 கிளிப், டிஸ்க்கில் 21

செக்சம் ஒரு விஷயத்தைச் சொல்லாது. நீங்கள் காப்பி எடுக்கவே இல்லாத கோப்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதனால் உதவி ஒளிப்பதிவாளர் எழுதும் ரிப்போர்ட்டுடன் கிளிப் எண்ணிக்கையை ஒவ்வொரு கார்டுக்கும் ஒப்பிட வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

நம் ஊரில் இது நடப்பதற்கு முக்கியமான காரணம் சாப்பாட்டு நேரம். லஞ்ச் பிரேக் என்று சொன்ன அடுத்த நிமிடமே ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். லைட்மேன்களுக்கு அது ஓய்வு நேரம், அவர்கள் பக்கம் அது நியாயம்தான். ஆனால் டிஐடி வேலை சூடுபிடிக்கும் நேரமே அதுதான், காலை எடுத்த கார்டெல்லாம் அப்போதுதான் வந்து சேரும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரெய்டு டிஸ்க் அணைந்துவிடும், காப்பி பாதியில் நிற்கும். திரும்ப மின்சாரம் வந்ததும் டிஸ்க்கில் அந்த ஃபோல்டர் இருப்பதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது மிக எளிது. ஒரு யூபிஎஸ் கண்டிப்பாக வேண்டும். அதைவிட முக்கியம், காலையிலேயே ஜெனரேட்டர் ஆபரேட்டரிடம் போய்ப் பேசிவிடுவது. "அண்ணே, பிரேக்ல நிறுத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு குரல் குடுங்க" என்று கேட்டால் எந்த அண்ணனும் மறுத்ததில்லை.

பாதியில் நின்ற காப்பியைத் தொடராதீர்கள். அந்த ஃபோல்டருக்கு 'முழுமையில்லை' என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதலிலிருந்து புதிதாக எடுங்கள். இரண்டாவது நல்லபடியாக முடிந்த பிறகு முதலாவதை அழிக்கலாம்.

இன்னொன்று, கார்டில் தெரியும் வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. சோனி போன்ற கேமராக்களில் ஒரு நீண்ட ஷாட் பல துண்டாகப் பதிவாகியிருக்கலாம், அவற்றைச் சேர்க்கும் விவரம் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்னக் கோப்புகளில் இருக்கும். கார்டின் ஃபோல்டர் அமைப்பு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, அப்படியே வர வேண்டும்.

ஏ001 ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கேட்கிறது

'ரீப்ளேஸ்' என்ற பொத்தானைத் தொடவே கூடாத இடம் இது. ஷெட்யூல் நடுவில் கேமரா பாடி பழுதாகி மாற்று பாடி வந்தாலோ, யாராவது ஃபேக்டரி ரீசெட் கொடுத்தாலோ, கேமராவைக் குறிக்கும் எழுத்து ஏ, கார்டைக் குறிக்கும் ரோல் எண் 001 என்று மறுபடி தொடங்கிவிடும். எனக்கு ஒருமுறை பி கேமராவுக்கு மாற்றாக வந்த பாடி, காலையிலிருந்து ஏ என்றே எழுதிக்கொண்டிருந்தது. மூன்றாவது கார்டில்தான் கவனித்தேன்.

செய்ய வேண்டியது இது. புதிய கார்டை தேதியும் பாடி விவரமும் சேர்த்த தனி ஃபோல்டரில் இறக்குங்கள். கிளிப்களின் பெயரைக் கையால் மாற்றாதீர்கள், மாற்றினால் எம்எச்எல் பட்டியலுடனும் கிளிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் பெயருடனும் பொருந்தாமல் போகும். கேமராவில் எழுத்தையும் ரோல் எண்ணையும் உடனே திருத்தச் சொல்லுங்கள். அன்றைய ரிப்போர்ட்டில் இதை எழுதி, எடிட்டரின் உதவியாளரிடம் போனிலும் சொல்லிவிடுங்கள். எழுதியதை எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பி விட முடியாது.

மானிட்டரில் நிறம் சரியில்லை

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கைந்து வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். "நிறம் சரியில்லை" என்பதை முதலில் பிரித்துக் கேளுங்கள். பால் ஊற்றியது போல வெளுத்திருக்கிறதா, அல்லது கருப்பெல்லாம் அடைத்துப்போய் முகம் ஆரஞ்சாக இருக்கிறதா?

நன்றாக வெளுத்து, நிறமே செத்துப்போய் இருந்தால் லாக் படம் லட் இல்லாமல் வருகிறது. லாக் என்பது சென்சார் பிடித்த வெளிச்ச வீச்சு முழுவதையும் சுருக்கி வைக்கும் முறை, கண்ணால் பார்ப்பதற்கானது இல்லை. லட் என்ற அட்டவணை அதைப் பார்க்கும்படி விரித்துக் காட்டும். லட் பெட்டி அணைந்திருக்கலாம், மானிட்டரில் லட் தேர்வு கழன்றிருக்கலாம்.

கருப்பு அடைத்து, நிறம் கத்தினால் லட் இரண்டு முறை விழுகிறது. கேமராவிலிருந்து மானிட்டருக்குப் போகும் எஸ்டிஐ அவுட்டிலேயே ரெக் 709 (சாதாரணத் திரைக்கான நிறத் தரம்) லட் போட்டிருப்பார்கள், அதன்மேல் மானிட்டரும் ஒரு லட் போடும். புதிய உதவியாளர் ஒருவர் ஆர்வத்தில் கேமராப் பக்கம் லட்டை இயக்கிவிட்டால் இது நடக்கும். "அண்ணா, ஹீரோயின் ஸ்கின் என்ன இப்படி ஆரஞ்சா தெரியுது, லைட்டுல ஏதாவது மாத்திட்டாங்களா?" என்று கேள்வி வரும். லைட்டைத் தொடுவதற்கு முன் லட்டைப் பாருங்கள். இல்லையென்றால் தப்பான மானிட்டரைப் பார்த்து ஒளிப்பதிவாளர் லைட்டைக் குறைப்பார், அது பதிவில் நிரந்தரமாகிவிடும். டிஐடி உடனே வாய்திறக்க வேண்டிய இடம் இது.

கொஞ்சமாக மட்டும் வெளுத்தோ கொஞ்சமாக மட்டும் அடைத்தோ இருந்தால் லெவல் பிரச்சினை. 10 பிட் வீடியோவில் லீகல் என்றால் கருப்பு 64, வெள்ளை 940. ஒரு கருவி இந்த வீச்சில் அனுப்பி, இன்னொன்று முழு வீச்சு என்று நினைத்துக்கொண்டால் இப்படி ஆகும். கண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள், வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, லட்டை எடுத்துவிட்டு, லாக் சிக்னலைப் பாருங்கள். ஆரியின் லாக்-சி3 என்றால், 800 ஈஐயில் (கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பு) கருப்பு சுமார் 9 சதவீதத்தில் நிற்கும், 18 சதவீத கிரே கார்டு 39இல் நிற்கும். சோனியின் எஸ்-லாக்3 என்றால் கருப்பு மூன்றரை, கிரே கார்டு 41. இந்த எண்களிலிருந்து விலகி நின்றால் வழியில் யாரோ லெவலை மாற்றுகிறார்கள். கேமராவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து வாருங்கள், எந்தப் பெட்டிக்குப் பிறகு எண் மாறுகிறதோ அதுதான் ஆள்.

லாக் பெயர்களையும் கவனியுங்கள். அலெக்ஸா 35 தருவது லாக்-சி4. அதற்குப் பழைய லாக்-சி3 லட் போட்டால் படம் வரும், ஆனால் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது.

அடுத்து, செட்டில் இருந்த நிறம் எடிட் ரூமில் இல்லை என்று வரும் போன். ஒளிப்பதிவாளர் செட்டில் செய்த திருத்தம் சிடிஎல் என்ற வடிவில் போகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஸ்லோப், ஆஃப்செட், பவர் என்று 9 எண்கள், செறிவுக்கு ஒன்று, மொத்தம் 10 எண்கள்தான். டெய்லிஸ், அதாவது அன்றன்று எடுத்ததை எடிட்டுக்கும் பார்வைக்கும் தரும் பிரதி, தயாரிக்கும்போது அந்த 10 எண்கள் சேரவில்லை, அல்லது ஷெட்யூல் நடுவில் மாற்றிய லட்டின் பழைய பதிப்பு போயிருக்கிறது. லட் கோப்பின் பெயரிலேயே தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைத்தால் இந்தப் போன் வந்துகொண்டேதான் இருக்கும்.

டைரக்டர் தன் மேக்புக்கில் குயிக்டைமில் பார்த்துவிட்டு வெளுத்திருக்கிறது என்றால், அது உண்மையில் வெளுத்துத்தான் தெரியும். சாதாரண ரெக் 709 கோப்பை மேக் ஏறக்குறைய 1.96 காமா (இடைநிலை வெளிச்சம் எப்படித் தெரியும் என்பதற்கான எண்) என்று எடுத்துக்கொண்டு காட்டும், செட்டில் உங்கள் கிரேடிங் மானிட்டர் 2.4இல் இருக்கும். இதற்காக டெய்லிஸைக் கருப்பாக்கித் தராதீர்கள், வேறு திரையில் அது அடைத்துவிடும். எல்லோரும் ஒரே கருவியில், ஒரே செயலியில் பார்ப்பது என்று முதல் வாரமே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பின்னணி விளக்கு துடிக்கிறது, பட்டை பட்டையாக ஓடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடியின் மடங்காக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு வெளிச்சம் விழும், துடிப்பு தெரியாது. 24 ஃபிரேமில் ஷட்டர் கோணம் 180 டிகிரி என்றால் 1/48 நொடி, அதனால் லேசாகத் துடிக்கும். 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50, பிரச்சினை தீர்ந்தது. 48 ஃபிரேம் ஸ்லோமோஷனிலும் அதே 172.8 வேலை செய்யும், அது 1/100.

ஆனால் 120 ஃபிரேம் கேட்டால் ஷட்டர் மூலமாக வழியே கிடையாது. ஒரு ஃபிரேமுக்கே 1/120 நொடிதான் இருக்கிறது, 1/100 அதற்குள் அடங்காது. டீக்கடை டியூப்லைட், கல்யாண மண்டபத்து சீரியல் செட், இவை எல்லாம் துடிக்கும். அவற்றை அணைக்க வேண்டும் அல்லது துடிப்பில்லாத விளக்கை உள்ளே மாற்றிவைக்க வேண்டும். இதை ஷாட் எடுத்த பிறகு சொல்வதில் பயனில்லை. காலையில் ஷாட் பட்டியலில் ஸ்லோமோஷன் இருக்கிறதா என்று பார்த்து, லொக்கேஷனில் என்னென்ன விளக்கு எரிகிறது என்று ஒரு நடை நடந்து, ஒளிப்பதிவாளரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சின்ன மானிட்டரில் துடிப்பு கண்ணில் படாமல் போகும். பதிவான கிளிப்பைப் பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள். இருட்டுச் சுவரில்தான் முதலில் தெரியும்.

இருட்டில் ஒரு புள்ளி நிற்கிறது

தூசியா, பிக்சலா என்று முதலில் பிரியுங்கள். லென்ஸின் அபெர்ச்சரை டி16, டி22 என்று சுருக்கி வெள்ளைச் சுவரைக் காட்டுங்கள். மங்கலான கரும்புள்ளி தெளிவாகிக்கொண்டே வந்தால் சென்சார் மேல் தூசி. அபெர்ச்சர் எதுவானாலும் ஒரே அளவில், ஊசி குத்தியது போல வெள்ளையாகவோ நிறமாகவோ நின்றால் ஹாட் பிக்சல். லென்ஸ் மூடியைப் போட்டாலும் அது இருக்கும்.

தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் படிந்தால் நிலைமை மோசமாகும். ஹாட் பிக்சலுக்குக் கேமராவிலேயே வழி உண்டு. ரெட் கேமராவில் பிளாக் ஷேடிங், சோனியில் ஏபிஆர் என்ற பிக்சல் சீரமைப்பு. இரண்டுக்கும் லென்ஸ் மூடப்பட்டிருக்க வேண்டும், கேமரா அன்றைய வெப்பநிலைக்கு வந்து நிலைத்திருக்க வேண்டும். கொடைக்கானல் குளிரில் செய்த ஷேடிங் சென்னை மே மாத வெயிலுக்குப் பொருந்தாது. தினமும் காலை முதல் ஷாட்டுக்கு முன் மூடியைப் போட்டு 10 நொடி பதிவு செய்து, அதை ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. பின்னால் கிராஃபிக்ஸ் ஆட்கள் ஒவ்வொரு ஃபிரேமாக உட்கார்ந்து அழிப்பது மிச்சம்.

சத்தமும் படமும் சேரவில்லை

சிங்க் சவுண்டில், அதாவது செட்டிலேயே வசனத்தைப் பதிவு செய்து, எடுக்கும் படங்களுக்கு மட்டும். விலகல் எப்போதும் ஒரே அளவா, போகப் போக வளர்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவு என்றால் பேட்டரி மாற்றியபோது இரண்டு கருவியிலும் ஒன்றாக ஓடும் நேர எண்ணான டைம்கோடு அறுந்திருக்கிறது, மறுபடி ஜாம் செய்யவில்லை, அதாவது ஒன்றாக்கவில்லை. வளர்கிறது என்றால் ஒரு பக்கம் நொடிக்கு 24 ஃபிரேம், மறுபக்கம் 23.976. அந்த 0.1 சதவீதம் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி ஆகிவிடும். முதல் நாள் காலை சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டுடன் நின்று இரண்டு கருவியின் எண்ணையும் நேரில் பாருங்கள். கிளாப் அடிப்பதை எக்காரணத்துக்கும் விடாதீர்கள், எல்லாம் கைவிட்டாலும் அது இருக்கும்.

ரெய்டில் சிவப்பு விளக்கு எரிகிறது

ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் போனாலும் தரவு இருக்கும், இரண்டாவது போனால் எல்லாம் போகும். அதனால் சிவப்பு விளக்கு வந்ததும் புதிய டிஸ்க்கைச் செருகி ரீபில்டு தொடங்காதீர்கள். ரீபில்டு என்பது மீதி டிஸ்க்குகளை மணிக்கணக்கில் விடாமல் படிக்க வைக்கும் வேலை. அவையும் அதே வயதுடையவை, அதே வண்டியில் குலுங்கி வந்தவை. முதலில் இதில் இருப்பவற்றுக்கு வேறு இடத்தில் சரிபார்த்த காப்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எடுங்கள். ரீபில்டு அப்புறம், இரவில், அசையாத இடத்தில், யூபிஎஸ் இணைத்து.

ரெய்டு இருக்கிறது, அதனால் ஒரு காப்பி போதும் என்று தயாரிப்புத் தரப்பில் சொல்வார்கள். போதாது. தவறுதலாக அழித்தாலோ, பெட்டியே தொலைந்தாலோ ரெய்டு உதவாது. குறைந்தது மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். அந்த இரண்டாவது வகைக்கு எல்டிஓ என்ற காந்த டேப் நல்லது, எல்டிஓ-8 ஒன்றில் 12 டிபி பிடிக்கும். டிஸ்க்குகள் சென்னைக்குப் போகும்போது இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

எடிட் ரூமில் டிஸ்க் திறக்கவில்லை என்று வந்தால், அங்கே விண்டோஸ், இங்கே மேக் வடிவத்தில் எழுதியது என்பதுதான் வழக்கமான காரணம். இரண்டிலும் திறக்க எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ஆனால் அது எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் தாங்காது. டிஸ்க்கை எடுத்துப் போக வரும் தம்பியிடம் டேப் ஒட்டிய டிஸ்க்கை நீங்களே கழற்றிக் கையில் கொடுங்கள்.

காப்பி எடுக்காத கார்டை ஃபார்மட் செய்துவிட்டார்கள்

உடனே கேமராவை நிறுத்துங்கள். அந்தக் கார்டில் இன்னொரு ஷாட், ஏன், ஒரு ஃபிரேம்கூட எடுக்கக் கூடாது. ஃபார்மட் பல நேரம் பட்டியலை மட்டும் அழிக்கும், படம் அடியில் இருக்கும். அதன்மேல் புதிதாக எழுதினால்தான் உண்மையில் போகும். சில ஊடகங்கள் ஃபார்மட்டின்போதே பழைய தரவை விடுவித்துவிடும், அப்போது மீட்பது கடினம். எது நடந்திருக்கிறது என்று செட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முயலாமல், கார்டை வெளியே எடுத்து, என்ன கேமரா, என்ன வடிவம், எத்தனை மணிக்கு ஃபார்மட் ஆனது, அதன்பிறகு எதுவும் எழுதப்பட்டதா என்று ஒரு தாளில் எழுதி, கார்டுடன் ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள். யார் செய்தது என்ற விசாரணை அப்போது வேண்டாம். பயந்துபோன உதவியாளர் நேரத்தை மாற்றிச் சொல்வான், அது மீட்பவர்களைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

இது நடக்காமலிருக்க என் மேசையில் உள்ள ஒழுங்கு இது. கேமராவிலிருந்து வெளியே வரும் கார்டில் சிவப்பு டேப், அதில் ரோல் எண். அது என் கையில் கொடுக்கப்பட வேண்டும், மேசையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வந்தவுடன் இடது பக்கத் தட்டு. இரண்டு டிஸ்க்கிலும் செக்சம் பொருந்தி, கிளிப் எண்ணிக்கை ஒத்து, முதல் கிளிப், நடு கிளிப், கடைசி கிளிப் மூன்றையும் நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது வலது பக்கத் தட்டுக்குப் போகும். அப்போது சிவப்பு டேப்பைக் கிழித்துப் பச்சை டேப் ஒட்டுவேன். ஃபார்மட் கேமராவில் மட்டும்தான், கம்ப்யூட்டரில் இல்லை.

அவசரம் வரும். "அண்ணா, கார்டு குடுங்க, ஷாட் ரெடி, டிஓபி சார் கேக்குறாரு" என்று உதவியாளர் தம்பி ஓடி வருவான். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், திரையில் இன்னும் 7 நிமிடம் என்று இருக்கும். "சார்கிட்ட ஏழு நிமிஷம்னு சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு, இடது தட்டில் இருக்கும் கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.